கார் மாவு அரைக்கிறதா? கவனியுங்கள்!

கைக்குழந்தை அழுதால், பசிக்கு அழுகிறதா, வயிற்று வலியா, தூக்கத்துக்குச் சிணுங்குகிறதா என்று பெற்றவளுக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடுகிறது. குக்கர் விசில் சரியாக வருகிறதா, கேஸ்கெட் வழியாக நீராவி கசிகிறதா என்பதைக் கூடத்தில் உட்கார்ந்தபடியே காதால் கண்டுபிடித்து விடுகிறோம். இந்தக் காதை வைத்துக்கொண்டு கார் பிரேக்கின் சத்தத்தை மட்டும் கண்டுபிடிக்க முடியாதா, என்ன?

"கார் சமாச்சாரமெல்லாம் ஆம்பளைங்க விஷயம்" என்று ஒதுங்கி இருந்த காலம் ஒன்று இருந்தது. இப்போது அப்படியா? குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடுவது, மாமியாரைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போவது, மார்க்கெட், கல்யாணம், காது குத்து எல்லாவற்றுக்கும் பல வீடுகளில் நாம்தான் வண்டியை எடுக்கிறோம். ஆகவே, வண்டியில் கோளாறு சத்தம் வந்தால் முதலில் கேட்கப் போவதும் நாம்தான்.

இன்னொரு சங்கதி. காரின் பிரேக்குக்கும் பெண்களுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று வந்ததல்ல. 1888-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற பெண்மணி, தன் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மோட்டார் வண்டியை எடுத்துக்கொண்டு, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு மகன்களுடன் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பிவிட்டார். எதற்கு? அம்மா வீட்டுக்குத்தான்! நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். மேடும் பள்ளமுமான பாதையில் மரத்தால் ஆன பிரேக் கட்டைகள் தேய்ந்துபோக, வழியில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் சொல்லி அந்தக் கட்டைகளின் மேல் தோலை வைத்து ஆணியடித்துக்கொண்டார். 'பிரேக் லைனிங்' என்று இன்றைக்குச் சொல்கிறோமே, அதன் ஆரம்பம் அதுதான் என்கிறார்கள். கட்டை தேய்ந்தால் அதன் மேல் தேயக்கூடிய இன்னொரு பொருளை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது பாருங்கள், அந்த யோசனைதான் இன்றுவரை ஓடுகிறது.

பிரேக் எப்படி வேலை செய்கிறது?

சைக்கிள் பிரேக்கைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு ரப்பர் கட்டைகள் சக்கரத்தின் வளையத்தை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும். காரின் முன் சக்கரத்திலும் ஏறக்குறைய அதே கதைதான். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதுதான் டிஸ்க். பெரிய தோசைக்கல் போல இருக்கும். அதற்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு பேடுகள். அந்தப் பேடுகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். நீங்கள் பெடலை மிதித்ததும், குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், இரண்டு பேடும் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும், வண்டி நிற்கும்.

பேடு என்பது ஓர் இரும்புத் தகடு. அதன் மேல் ஒட்டியிருக்கும் கருப்பு நிறப் பொருள்தான் தேய்வதற்கென்றே வைக்கப்பட்டது. புதிதாக வாங்கும்போது அதன் கனம் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். தேயத் தேய, 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். குழந்தையின் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்து மூன்று சின்னக் கோடுகளை எண்ணிப் பாருங்கள். அவ்வளவுதான் கணக்கு.

பின் சக்கரங்களில், சின்னக் கார்களில் பெரும்பாலும் டிஸ்க் கிடையாது; டிரம் இருக்கும். மூடிய பாத்திரம் போன்ற அந்த டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு 'ஷூ'க்கள் இருந்து, உள்ளிருந்து வெளியே விரிந்து பிடிக்கும்.

எந்தச் சத்தம், என்ன சேதி?

இப்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

'கீச்': பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் கூர்மையாக வந்தால், பேடு தேய்ந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். பல பேடுகளில் இதற்கென்றே சின்ன இரும்பு நாக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். பேடு மெலிந்ததும் அந்த நாக்கு டிஸ்க்கில் உரசிக் கீச்சிடும். "அம்மா, என்னை மாத்து" என்று பேடு சொல்லும் முதல் வார்த்தை இது. இந்தக் கட்டத்தில் மாற்றினால் பேடு செலவோடு போயிற்று.

'கர்ர்': பிரேக்கை மிதித்ததும் கிரைண்டருக்குள் கல் விழுந்த மாதிரி அரைத்தால், பேடில் தேய வேண்டிய பொருள் முழுக்கத் தீர்ந்துபோய், இரும்புத் தகடே டிஸ்க்கைச் சுரண்டுகிறது. இது கடைசி வார்த்தை. இதற்குப் பிறகு பேசாது. நிற்க வேண்டிய இடத்தில் வண்டி நிற்காமல் போகும். பெடலை மிதித்தால் காலில் அந்த நறநறப்பு தெரியும்.

காலையில் மட்டும் வரும் 'கரகர': ராத்திரி மழை பெய்து, வண்டி வெளியே நின்றிருந்தால் டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படியும். முதல் நான்கைந்து பிரேக்கில் அது உதிர்ந்து, சத்தமும் ஓய்ந்துவிடும். பயப்பட வேண்டாம். கடைத்தெரு தாண்டியும் ஓயவில்லை என்றால் அது துரு அல்ல.

பிரேக் பிடிக்காதபோதும் வரும் 'கிறீச்': டிஸ்க்குக்கும் அதன் பின்னால் இருக்கும் தூசித் தகட்டுக்கும் நடுவே பொடிக்கல் மாட்டியிருக்கலாம். ஜல்லி கொட்டிய ரோட்டில் போய் வந்த பிறகு வந்தால் இந்தச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும். வண்டியை மெதுவாகப் பின்னால் நகர்த்தினால் பல சமயம் கல் தானே விழுந்துவிடும்.

'ஹூம்ம்' என்ற ரீங்காரம்: வேகம் கூடக் கூட அதுவும் கூடும், வளைவில் திரும்பும்போது மாறும், பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இராது. இது வீல் பேரிங் கோளாறு. நம் கைவேலை அல்ல. மெக்கானிக்கிடம் போக வேண்டியது.

திடீரென்று அழுத்தி மிதிக்கும்போது மட்டும் 'டகடகடக' என்று பெடல் துடிப்பது: ஏபிஎஸ் உள்ள வண்டியில் இது கோளாறே அல்ல. சக்கரம் வழுக்காமல் இருக்க அது தன் வேலையைச் செய்கிறது. காலை எடுத்துவிடாமல் மிதித்தபடியே இருங்கள்.

சத்தத்தோடு சேர்த்து இன்னும் மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? ஓட்டி வந்து நிறுத்தியதும் ஒரு சக்கரத்தின் பக்கம் மட்டும் தீய்ந்த வாடையோ, அதிகச் சூடோ தெரிகிறதா? (கையை அருகில் கொண்டுபோனால் போதும், தொட்டுவிடாதீர்கள்.) பானட்டுக்கு அடியில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவில் அளவு இறங்கியிருக்கிறதா? பேடு தேய்ந்தால் பிஸ்டன் முன்னால் நகரும். அந்த இடத்தை நிரப்ப ஆயில் இறங்கும். ஆகவே அளவு குறைந்தால், உடனே ஊற்றி நிரப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ஏன் இறங்கியது என்று கேளுங்கள். பேடு தேயாமலேயே இறங்கியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

எங்கள் வீட்டுக் கதை

நாங்கள் இருப்பது பொள்ளாச்சியில். வால்பாறையில் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போவதாக ஏற்பாடு. ஆழியாறு தாண்டி ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் பிரேக்குக்குப் பரீட்சை. போதாக்குறைக்கு என்னவருக்கு அப்போதுதான் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. ஓட்ட வேண்டியது நான். பின் சீட்டில் என் மாமியாரும், கல்லூரியில் படிக்கும் மகளும்.

புதன்கிழமை மாலை, காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, நம் வீட்டுத் திருப்பத்தில் மிதித்தேன், 'கர்ர்' என்றது. வலது முன் சக்கரம்.

"மழை ஈரமுங்கக்கா... ரெண்டு நாள் ஓட்டுனா சரியாப் போயிரும்" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் வண்டி ஒரு மணி நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. துருவாக இருந்தால் எப்போதோ உதிர்ந்திருக்கும். மிதித்தால் வருகிறது, விட்டால் நிற்கிறது. கல்லாக இருந்தால் விட்டாலும் வரும். என் அப்பா டாக்சி ஓட்டியவர். "சத்தம் எப்ப வருதுங்கறதைப் பாரு கண்ணு. எங்க வருதுங்கறது அப்புறம்" என்பார். அந்த வார்த்தை காதில் நின்றது. வண்டியை அன்றைக்கே ஓரம் கட்டிவிட்டேன்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்தேன். ஆள் வந்து, சக்கரத்தின் இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, "பேடு நல்லாத்தான் இருக்குதுங்க. டிஸ்க் போயிருச்சு. ரெண்டு டிஸ்க், ரெண்டு காலிப்பர் மாத்தோணும்" என்று பெரிய தொகை ஒன்றைச் சொன்னார்.

"பேடு நல்லா இருந்தா டிஸ்க் ஏங்க அரையுது?" என்று கேட்டேன்.

"அக்கா, இதெல்லாம் நீங்க பார்த்து என்ன பண்ணப் போறீங்க?"

அதற்கு மேல் பேச்சு எதற்கு? சக்கரத்தைக் கழற்றியே பார்த்துவிடுவது என்று நானும் மகளும் முடிவு செய்தோம். கழற்றிப் பார்த்தால் விஷயம் வெட்ட வெளிச்சம்! வெளிப்பக்கத்துப் பேடு பாதிக்கு மேல் இருக்கிறது. உள்பக்கத்துப் பேடில் கருப்பே இல்லை. பளபளவென்று இரும்புத் தகடு! வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் கண்ணுக்கு உள்பக்கத்துப் பேடு தெரியவே தெரியாது.

ஒரே சக்கரத்தில் ஒன்று முழுக்கத் தேய்ந்து, மற்றது அப்படியே இருப்பானேன்? காலிப்பர் இரண்டு கம்பிகளின் மேல் இப்படியும் அப்படியும் நகர வேண்டும். 'பின்' என்பார்கள் அதை. ரப்பர் உறை கிழிந்து, தண்ணீர் புகுந்து, ஒரு பின் துருப்பிடித்து இறுகிவிட்டது. காலிப்பர் நகராததால் பிஸ்டன் பக்கத்துப் பேடு ஒன்றே எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்திருக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒரே மருமகள் உழைத்துத் தேய்வதில்லையா, அதுபோல!

இதில்தான் முக்கியமான பாடம் இருக்கிறது. வெறும் பேடை மட்டும் மாற்றியிருந்தால் சத்தம் நின்றிருக்கும். நாமும் சந்தோஷமாக இருந்திருப்போம். ஆனால் பின் இறுகியே இருக்க, புதுப் பேடும் சீக்கிரமே அதே கதிக்கு வந்திருக்கும். சத்தத்தை நிறுத்துவது வேறு. சத்தத்தின் காரணத்தை நிறுத்துவது வேறு.

நாமே மாற்றுவது எப்படி?

முன் சக்கரத்துப் பேடு மாற்றுவது, பொறுமையும் கவனமும் உள்ளவர்களால் செய்யக்கூடிய வேலைதான். முதல் தடவை, தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தையும் ஒரு முறை படித்துவிடுங்கள்.

வேண்டியவை: ஜாக்கி, ஜாக்கி ஸ்டாண்டு, வீல் ஸ்பானர், காலிப்பர் போல்ட்டுக்கு ஏற்ற ஸ்பானர் (எங்கள் வண்டிக்கு 12 நம்பர்; உங்களுடையதற்கு வேறாக இருக்கலாம்), ஒரு சி கிளாம்ப், கம்பி பிரஷ், பிரேக் கிளீனர், பிரேக் பின்னுக்கென்று விற்கும் கிரீஸ், பழைய துணி, கையுறை, முகமூடி. பேடு வாங்கும்போது வண்டியின் மாடல், வருஷம் சொல்லி, பில்லோடு வாங்குங்கள். சத்தம் ஒரு சக்கரத்தில்தான் என்றாலும் முன் சக்கரம் இரண்டுக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

1. சமதளமான கெட்டித் தரையில் வண்டியை நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வையுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு கை வைக்காதீர்கள், ஆறட்டும்.

2. சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை ஒரு சுற்று தளர்த்துங்கள். பிறகு, புத்தகத்தில் காட்டிய இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள். செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பது கூடவே கூடாது; பாரத்தில் பொடிந்துவிடும். கழற்றிய சக்கரத்தை வண்டியின் அடியில் படுக்க வைத்துவிட்டால் இன்னொரு காவல்.

3. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் காலிப்பர் நன்றாகத் தெரியும். கழற்றுவதற்கு முன் செல்போனில் இரண்டு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எது எப்படி இருந்தது என்ற குழப்பம் வராது. ஒரு பக்கம் முடித்த பிறகே அடுத்த பக்கம். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் முழுசாக இருக்கும்.

4. கீழ்ப் போல்ட்டைக் கழற்றினால் பல வண்டிகளில் காலிப்பர் ஜன்னல் கதவு போல மேலே தூக்கிக்கொள்ளும். அதை ஒரு கயிற்றால் கட்டி நிறுத்துங்கள். ரப்பர் குழாயில் தொங்க விட்டுவிடாதீர்கள்.

5. பழைய பேடுகளை உருவிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளும் வெளியும் சமமாகத் தேய்ந்திருந்தால் நல்லது. ஒன்று மட்டும் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேடு ஒரு ஓரமாகச் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ பின் இறுகியிருக்கிறது, அல்லது பிஸ்டன் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

6. டிஸ்க்கை நகத்தால் குறுக்கே தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளக் கோடுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டி அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சம் எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அதற்குக் கீழே போயிருந்தால் இரண்டு பக்கத்து டிஸ்க்கும் மாற்ற வேண்டியதுதான். விரிசல் தெரிந்தாலும் அப்படியே.

7. பின் இரண்டையும் உருவித் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் துரு நீக்கி, அதற்குரிய கிரீஸ் லேசாகத் தடவிப் போடுங்கள். விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வரவில்லை என்றால் புதுப் பின்னும் ரப்பர் உறையும் தனியாகக் கிடைக்கும். சமையல் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், வேறு கிரீஸ் எதுவும் உதவாது. சூட்டில் கரைந்து ஓடும், ரப்பரையும் கெடுக்கும்.

8. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, சுற்றிலும் துணி போட்டு, பழைய பேடை பிஸ்டன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெல்ல மெல்ல உள்ளே தள்ளுங்கள். அப்போது டப்பாவில் ஆயில் மேலே ஏறும். வழியாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் நிற்கட்டும். வழிந்தால் பெயிண்ட் உரிந்துவிடும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பிஸ்டன் நகரவே இல்லை, அல்லது அதைச் சுற்றி ஈரம் தெரிகிறது என்றால், அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

9. புதுப் பேடுகளைப் படத்தில் இருந்தபடியே பொருத்தி, காலிப்பரை மூடி, போல்ட்டை இறுக்குங்கள். பேடின் கருப்புப் பகுதியிலும் டிஸ்க்கிலும் எண்ணெய்ப் பிசுக்கு ஒரு பொட்டுகூடப் படக்கூடாது. வீல் நட்டுகளை வரிசையாக அல்லாமல் எதிர் எதிராக இறுக்க வேண்டும். வண்டியை இறக்கிய பிறகு இன்னொரு முறை இறுக்குங்கள்.

10. இதை மறக்கவே மறக்காதீர்கள்: இரண்டு பக்கமும் முடிந்ததும், எஞ்சினைக் கிளப்புவதற்கு முன்பே பிரேக் பெடலைப் பல தடவை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருக்கிறோம் அல்லவா? அதனால் முதல் மிதியில் பெடல் 'சொத்'தென்று தரைவரை போகும். மிதிக்க மிதிக்கக் கெட்டிப்படும். கெட்டிப்படாமல் வண்டியை ஓர் அடி கூட நகர்த்தக் கூடாது. பிறகு ஆயில் அளவைப் பார்த்து மூடியை மூடுங்கள்.

எங்களுக்கு இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரு பகல் பொழுது போயிற்று. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர், நாற்பது வருஷ மெக்கானிக், சாயங்காலம் வந்து டிஸ்க்கை அளந்து, போல்ட்டுகளை அளவுக் கருவியால் இறுக்கிப் பார்த்தார். "டிஸ்க் நல்லாவே இருக்குது அம்மிணி. அன்னிக்கே நிறுத்துனதால பொழைச்சுது" என்றார். பேடு, பின், ரப்பர் உறை, கிரீஸ் எல்லாம் சேர்த்தும், ஒர்க்‌ஷாப் சொன்ன தொகையில் நாலில் ஒரு பங்கு ஆகவில்லை.

புதுப் பேடைப் பழக்க வேண்டும்

புது மண்சட்டியை எடுத்ததும் குழம்பு வைத்துவிடுகிறோமா? பழக்கித்தானே வைக்கிறோம்! புதுப் பேடும் அப்படித்தான். போக்குவரத்து இல்லாத ரோட்டில், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சுமார் 10 வரை மெதுவாகக் குறையுங்கள், சற்று ஓட விட்டு ஆற விடுங்கள், மறுபடி. இப்படிப் பத்துத் தடவை. முதல் 200, 300 கிலோமீட்டருக்கு, அவசரம் வந்தாலொழிய, அழுத்தமான திடீர் பிரேக் வேண்டாம். நாங்கள் வெள்ளியும் சனியும் உடுமலைப்பேட்டைப் பக்கம் போய்வந்து பழக்கிய பிறகே மலைக்கு வண்டியை எடுத்தோம்.

மலையில் இறங்கும்போது பேடு நன்றாக இருந்தாலும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கக் கூடாது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஓயாமல் மிதித்தால் டிஸ்க் காய்ந்து, பேடு பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் கொதிக்கத் தொடங்கும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது. 'டாட் 4' என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் ஆவிக் குமிழ் உண்டாகும்; பெடல் பஞ்சு போல அமுங்கும்; வண்டி நிற்காது. அதனால்தான் சுமார் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை முழுக்க மாற்றச் சொல்கிறார்கள். எந்த ரகம் என்று டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்

பிரேக் தூசியை வாயால் ஊதவோ, காற்றடித்துப் பறக்க விடவோ வேண்டாம். பழைய காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குள் போனால், பல வருஷங்கள் கழித்தும் புற்றுநோய் வரை கொண்டுபோய் விடும். கல்நார் இல்லாத பேடு என்றாலும் தூசி தூசிதான். பிரேக் கிளீனரைத் தெளித்து, நனைந்த துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுங்கள். வேலை செய்த உடுப்பைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். பிரேக் ஆயில் விஷம். பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி டாக்டரிடம் போங்கள். புடவைத் தலைப்பு, துப்பட்டா, தாலிச் சங்கிலி, வளையல், அவிழ்ந்த பின்னல் எல்லாவற்றையும் கட்டி ஒதுக்கிவிட்டுத்தான் ஸ்பானரை எடுக்க வேண்டும்.

எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும்?

பின் சக்கர டிரம்முக்குள் ஸ்பிரிங்குகள் நிறைய. தெரியாமல் கழற்றினால் கண்ணில் தெறிக்கும். சத்தம் பின்னாலிருந்து வந்தால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பட்டனை அழுத்தினால் ஹேண்ட் பிரேக் விழும் புது மாதிரி வண்டிகள், பின்னாலும் டிஸ்க் உள்ள வண்டிகள் ஆகியவற்றிலும் பின் சக்கரத்தில் கை வைக்க வேண்டாம். அவற்றுக்கு வேறு முறை, வேறு கருவி. ஆயில் ஒழுகல், பஞ்சு போன்ற பெடல், சிவப்பு பிரேக் விளக்கு இவற்றில் எது தெரிந்தாலும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள். ஒர்க்‌ஷாப்பை வீட்டுக்கு வரவழையுங்கள், அல்லது கட்டி இழுத்துப் போகச் செய்யுங்கள். 'கர்ர்' சத்தத்துக்கும் இதே விதிதான்.

"எனக்கு ஸ்பானர் பிடிக்கவே வராது" என்கிறீர்களா? பரவாயில்லை. எல்லோரும் பேடு மாற்றியாக வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் வண்டியைக் கொடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்:

உள்பக்கத்துப் பேடையும் கழற்றிப் பார்த்தீர்களா?

இரண்டும் சமமாகத் தேய்ந்திருக்கிறதா? இல்லையென்றால் ஏன்?

பின் இரண்டும் தடையில்லாமல் நகர்கிறதா?

டிஸ்க்கின் கனம் எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு இருக்க வேண்டும்?

பில் கொடுக்கும்போது, கழற்றிய பழைய சாமான்களையும் ஒரு பையில் போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக் முகம் சுளிக்க மாட்டார்; அவரே எடுத்து வைத்துக் காட்டுவார். அப்படிப்பட்டவர் கிடைத்தால் குடும்ப டாக்டரைப் போல விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாதத்துக்கு ஒரு நாள், கேஸ் சிலிண்டரின் ரப்பர் குழாயைச் சோதிக்கிறீர்களே, அன்றைக்கே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு பிரேக் ஆயில் டப்பாவையும் பார்த்துவிடுங்கள். இரண்டே நிமிஷம். 'கீச்' என்ற முதல் வார்த்தையிலேயே கேட்டுவிட்டால், 'கர்ர்' என்ற கடைசி வார்த்தை வரை போகவே வேண்டியதில்லை.